நிகர எடை

பென்னாகரம் ரோடு. டயர் கடைக்கு மேல் இரண்டாம் மாடி.
செருப்பை, சாவியை, போனை,
கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையை
வாசல் தட்டிலேயே வைக்கச் சொன்னார்கள்.
கூடை எடையைக் கழிப்பதுபோல என்று நினைத்துக்கொண்டேன்.
பதினேழு வருஷமாகப் பட்டுக்கூடு மார்க்கெட்டில்
எடை எழுதுகிறவளுக்கு வேறென்ன தோன்றும்?

எலும்பு ஸ்கேன் தாளில் ஒரு கழித்தல் குறி.
மைனஸ் இரண்டு புள்ளி மூன்று.
"நடந்தா போதாதுங்களா டாக்டர்?"
"எலும்புக்குக் கொஞ்சம் பாரம் வேணும்மா."
நாற்பத்தொன்பது வயசில்
எனக்குப் பாரத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்த முதல் ஆள் அவர்.
மற்றவர்கள் எழுதாமலே கொடுத்தார்கள்.

யோகா என்றால் கண்ணை மூடி உட்காருவது என்றுதான் வந்தேன்.
இங்கே ஒவ்வொரு பாயின் தலைமாட்டிலும்
ஜோடி ஜோடியாக டம்பெல்.
கத்தரிப்பூ நிறம் ஒரு கிலோ, ரோஸ் இரண்டு, கறுப்பு ஐந்து.
மூலையில் ஓர் இரும்புக் குண்டு,
மளிகைக் கடைப் படிக்கல்லுக்குக்
காது முளைத்ததுபோல.

சொல்லித் தருகிறவர் தீர்த்தகிரி.
கல்லூரியில் பளு தூக்கினாராம்.
முதுகு பிடித்து எட்டு மாதம் படுத்து, எழுந்து, யோகாவுக்கு வந்தாராம்.
"ரெண்டையும் விட மனசு வரலைங்க, கலந்துட்டேன்" என்றார்,
டீயில் காபித்தூளைப் போட்டுவிட்டவர் முகத்தோடு.

வீரபத்ராசனம்.
கால்களை அகட்டி, முன் முழங்காலை மடக்கி, கைகளை விரித்து.
"இப்ப எடையோட."
ஒரு கைக்கு ரோஸ் இரண்டு.

ஒரு கிலோவுக்கு அறுநூறு கூடு என்று வையுங்கள்.
ஒவ்வொரு கையிலும் ஆயிரத்து இருநூறு,
ஒவ்வொன்றுக்குள்ளும்
வெளியே வர எண்ணியிருந்த ஒன்று.

எதிர்க் கண்ணாடியில் நான் ஒரு தராசு.
யோக்கியமான தராசு இல்லை.
இடது தட்டு இறங்கிக்கொண்டே போனது.
"ரெண்டு பக்கமும் ஒரே எடைதான் மேடம்."
"தெரியுது சார். மிஷின்தான் சரியில்ல."
பக்கத்துப் பாயில் நிலோஃபர் சிரித்துவிட்டாள்,
அவள் தராசும் கவிழ்ந்தது.

"மூச்ச அடக்காதீங்க.
பாரத்துக்குப் பயந்தா எல்லாரும் அதத்தான் செய்வாங்க."
அடக்கியிருந்தது எனக்கே தெரியாது.
எப்போதிலிருந்து என்று பின்னால் போய்ப் பார்த்தால்
அந்தக் கணக்கு
டம்பெல்லில் ஆரம்பிக்கவில்லை.

அதற்கு மேல் போகவில்லை. தொடை நடுங்கியது.
கீழே ஒகேனக்கல் பஸ்
நீளமாக ஹாரன் அடித்தது,
அது ஓயும்வரை விட்டேன், விட்டேன்,
உள்ளே அவ்வளவு இருந்தது.

மறுநாள் காலை
சீப்பு ஆறு கிலோ.
கை தோளுக்கு மேல் வரமாட்டேன் என்றது.
பின்னாமல் கிளிப் மாட்டிக்கொண்டு போனேன்.
"என்ன மேடம், வீட்ல விசேஷமா?" என்றார் வாட்ச்மேன்.

முதல் லாட் பாப்பாரப்பட்டிக்காரர் ஒருவருடையது.
மொத்த எடை, கூடைக் கழிவு, நிகர எடை.
பேனா கோணிக்கொண்டு போயிற்று.
அவர் எட்டிப் பார்த்தார்.
"இருபத்து மூணாம்மா அது, இருபத்தெட்டா?"
"மூணுதான்" என்றேன், அடித்து எழுதிக் காட்டினேன்.
எட்டாக இருக்கட்டும் என்று
ஒரு நொடி இருவருமே நினைத்திருப்போம்.

கூடையை இறக்குகிற பையன் டீக்குப் போயிருந்தான்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
முழங்காலை மடக்கினேன். முதுகை நிமிர்த்தி,
மூச்சை விட்டபடியே,
இரண்டு காதையும் பிடித்து...

மூன்று அங்குலம் எழும்பியது.
தட்டிலிருந்து தரைக்கு நகர்த்தி வைத்தேன்.
மிஷின் சுழியத்துக்கு வந்தது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
ரெஜிஸ்டரில் அதற்குப் பத்தி இல்லை.

வியாழக்கிழமை அடுத்த வகுப்பு.
போனாலும் போவேன்.
மாதம் எண்ணூறு ரூபாய் கட்டித் தொலைத்தாயிற்று.